சகலைக்கு முதலில் ஆறிய ஈறு

என் சகலைக்கு வீக்கம் மூன்றாம் நாளே வடிந்துவிட்டது. எனக்கு ஆறாம் நாள் காலையிலும் வலது கன்னத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒதுக்கி வைத்தது போலவே இருந்தது. ஒரே நாள், ஒரே மருத்துவர், ஒரே நாற்காலி. காலையில் எனக்குப் பல் அறுவை, மதியம் அவனுக்கு. பிறகு ஏன் இப்படி என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்ததுதான் இந்தப் பயணத்தில் நான் அதிகம் செய்த வேலை. காஞ்சிபுரம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு வாய்களைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கிள்ளானில் இருப்பவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி ராணி ஒரகடம் பக்கத்துப் பெண்; கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்தவள். அவள் தங்கை குமுதா ஊரிலேயே வாழ்க்கைப்பட்டாள். குமுதாவின் கணவன்தான் ஏழுமலை. தொழிற்சாலைப் பெண்களை விடுதியிலிருந்து ஷிப்டுக்கு ஏற்றிப் போய் இறக்கும் வேன் ஓட்டுகிறான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஆனாலும் என்னை 'நீ' என்றுதான் பேசுவான். இந்தப் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு இல்லை, உரிமை.

கீழ்த்தாடையில் எனக்கு ஏழு பற்கள் மிச்சம், ஏழும் ஆடின. அவனுக்கும் ஏறக்குறைய அதே கதி. "ரெண்டு பேருக்கும் ஒண்ணா பண்ணிட்டா ஒருத்தருக்கு ஒருத்தர் தொணையா இருப்பீங்க" என்று ராணிதான் யோசனை சொன்னாள். முப்பது வருடமாக அவனை என்னோடு ஒப்பிட்டுப் பேசியவளுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில் வியப்பில்லை. விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் கேட்பதுதான்: ஏழுமலைக்கு முடி கொட்டவே இல்லை பாருங்க, ஏழுமலை சட்டையை அவரே துவைக்கிறார் பாருங்க. இப்போது ஏழுமலையின் ஈறு.

ஸ்ரீபெரும்புதூரில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய மாடியில் அந்தப் பல் மருத்துவமனை. கீழே டயர் கடை. மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. கிள்ளானில் நான் பார்த்த பல் மருத்துவர் திரையைப் பார்த்தபடியே பேசுவார். இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதுவே எனக்குச் சங்கடமாகப் போயிற்று, ஏனென்றால் முதல் நாளே நான் அவரிடம் பொய் சொன்னேன்.

"சிகரெட் எப்ப விட்டீங்க?"

"ஒரு மாசம் ஆச்சு டாக்டர்."

விடவில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் வெளியே நின்று ஒன்று பிடித்துவிட்டுத்தான் ஏழுமலையின் வேனில் ஏறினேன். ஏழுமலைக்குச் சிகரெட் கிடையாது, சர்க்கரை உண்டு, பன்னிரண்டு வருடமாக. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால்தான் கை வைப்பேன் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் டீயில் சர்க்கரை போடாமல், சோற்றைப் பாதியாக்கி, அவன் அந்த அளவைக் கொண்டுவந்துவிட்டான். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆகவே எனக்குத்தான் சீக்கிரம் ஆறும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மரத்துப்போய்விட்டது. மிச்சப் பற்களை எடுத்துவிட்டு, தாடை எலும்பில் நான்கு ஸ்க்ரூ இறக்கினார்கள். எலும்பு அந்த ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்காகும். அதுவரைக்கும் மேலே ஒரு தற்காலிகப் பல் வரிசை. எனக்குப் புதுமையாக இருந்தது ரத்தம் எடுத்ததுதான். கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் எடுத்து, சுற்றும் இயந்திரத்தில் வைத்தார்கள். வெளியே வந்தபோது நடுவில் மஞ்சளாக ஜெல்லி போல் ஒன்று பிரிந்து நின்றது. அதைத் தட்டையாக்கிப் பல் பிடுங்கிய குழிகளில் வைத்துத் தைத்தார். "உங்க ரத்தத்துல இருக்கற ஆத்துற சத்துதான் சார் இது. வேற மருந்து இல்ல" என்றார். மதியம் ஏழுமலையின் குழாயையும் பார்த்தேன். அவனுடைய ஜெல்லி என்னுடையதைவிடத் தடிமனாகத் தெரிந்தது. அங்கேயே ஆரம்பித்துவிட்டது எனக்கு.

முதல் இரண்டு நாள் ஐஸ். இருபது நிமிடம் கன்னத்தில் வைக்க வேண்டும், இருபது நிமிடம் எடுத்துவிட வேண்டும். நாங்கள் தங்கியது ஏழுமலை வீட்டில்தான்; குமுதா கடிகாரத்தைப் பார்த்து இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். தலைக்கு இரண்டு தலையணை. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்; கொப்பளிக்கக் கூடாது, வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தானாக விழ விட வேண்டும். காலையும் மாலையும் மருந்துத் தண்ணீர். உறிஞ்சுகுழல் கூடாது. மசித்த முட்டை, பருப்புக் கடைசல், கேழ்வரகுக் கூழ், குழைந்த சாதம். எட்டு வாரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாது.

ஏழுமலை இதையெல்லாம் வேன் சாவி வாங்கும்போது கையெழுத்துப் போடுவதுபோல் செய்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எல்லாவற்றையும் இரட்டிப்பாகச் செய்தேன். இரட்டிப்பு நேரம் ஐஸ் வைத்துக் கன்னத்துத் தோல் சிவந்துபோனது. இரட்டிப்பு உப்புப் போட்டு வாய் எரிந்தது. நடுவில் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இரண்டு இழுப்பு.

குமுதா கூழ் கொண்டுவரும்போது டம்ளர்களைப் பார்ப்பேன். அவன் டம்ளரில் நெய் கொஞ்சம் அதிகம் மிதப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் அவள் திரும்பியதும் டம்ளரை மாற்றிவைத்தேன். குடித்துப் பார்த்தால் இரண்டிலும் அதே அளவு நெய்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது.

நான்காம் நாள் சிவப்பு வெளிச்சத்துக்குப் போனோம். பேனா போல ஒரு கருவி. அதிலிருந்து வரும் லேசர் வெளிச்சத்தைக் கன்னத்திலும் ஈறிலும் சில நிமிடம் காட்டுவார்கள். சுடாது. வலியும் வீக்கமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். ஏழுமலை அதிலேயே தூங்கிவிட்டான். ஷிப்டு வேன் ஓட்டுகிறவனுக்கு எங்கே சாய்ந்தாலும் தூக்கம். நான் தனியாக மருத்துவரிடம் கேட்டேன்: "எனக்கு இன்னும் ரெண்டு மூணு தடவை சேர்த்து வைக்கலாமா?"

"வைக்கலாம் சார். ஆனா ஒரு சிகரெட்டால கெடறத இந்த வெளிச்சம் சரி பண்ணாது. நீங்கதான் விட்டுட்டீங்களே, கவலப்படாதீங்க."

ஆறாம் நாள் தொட்டி மறைவு போதாமல் போயிற்று. ராணி துணி காயப்போட மாடிக்கு வர ஆரம்பித்தாள். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஷேர் ஆட்டோ ஏறி சுங்குவார்சத்திரம் போய்விட்டேன். ஷிப்டு முடிந்த நேரம். ஒரே மாதிரிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கிள்ளானிலும் துறைமுக வாசலில் இப்படித்தான் கூட்டம் வரும், ஆனால் அங்கே ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். இங்கே பேருந்துக்குள் முந்திப் போனால்தான் இடம்.

டீக்கடை ஓரமாக நின்று பற்றவைத்தேன். பக்கத்தில் வடநாட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேர் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். டீ மாஸ்டரிடம் கேட்டேன், என்ன சொல்கிறார்கள் என்று. அவர் பாலை ஆற்றியபடி சொன்னார்: "'பெருசுக்கு வாய் வீங்கிக் கீது, உள்ள தையல் தெரீது, அதோட பொகை வேறயா'ன்றாங்கோ சார்."

அவமானத்தில், வந்த பேருந்தில் அவசரமாக ஏறி உட்கார்ந்தேன். வலி மாத்திரையின் அசதி, கண் சொருகிவிட்டது. விழித்தபோது நடத்துநர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எறங்கு சார், காஞ்சிபுரம்."

"ஸ்ரீபெரும்புதூர் போகாதா?"

"அது அந்தப் பக்கம் சார். போர்டு பாக்காமயா ஏறுன?"

இட்லியும் காபியும் மணக்கிற பேருந்து நிலையத்தில் வெறும் வாயோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. வீடு திரும்பியபோது ஏழுமலை வாசலில் நின்றிருந்தான். வேனை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை என்னைத் தேடிவிட்டு வந்திருந்தான்.

"எங்க சகல போன? வாய் கழுவுற நேரம் தாண்டிப் போச்சி. தண்ணி வெச்சிக் கீது, போ."

என் மேல் நாற்றம் அடித்திருக்கும். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஏழுமலையின் வாயைப் பார்த்து மருத்துவர் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, எவ்ளோ அழகா மூடியிருக்கு. சர்க்கரை உள்ளவர்னு சொன்னா நம்புவியா?" என் வாயைப் பார்த்தபோது யாரையும் கூப்பிடவில்லை. "கொஞ்சம் மெதுவா ஆறுது. பரவால்ல" என்றார். வரும் வழியெல்லாம் ராணியும் குமுதாவும் அந்த 'அழகா' என்ற சொல்லையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

ஏழுமலை வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். அதனால் மருத்துவமனையில் இரண்டு பேருக்கும் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் மறைமலை நகரில் அவன் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. மண்டபத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு. முந்தின மாலை அவன் குமுதாவிடம், தனக்கு மட்டும் கூழைப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அந்த அடக்கத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாய் தானாகப் பேசிற்று.

"ஏழுமல, சொல்ல மறந்துட்டேன். டாக்டர் போன் பண்ணாங்க. உனக்கு ரொம்ப நல்லா ஆறிடுச்சாம். மெதுவா, பாத்துக் கடிக்கலாமாம்."

"நெசமாவா சகல? எட்டு வாரம்னாங்களே?"

"அது எனக்கு. உனக்கு இல்லையாம்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அந்த நொடியில்கூட நான் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை. அவனுக்கும் ஒரு நாள் வலிக்கட்டுமே, ஒரே ஒரு நாள் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் மூன்றாம் பந்தி. நான் எதிரில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் முதலில் மெத்தென்ற கறியாகப் பார்த்து எடுத்தான். பிறகு அண்ணன் வந்து அன்போடு ஒரு நல்லி எலும்பை இலையில் வைத்தார். அவன் கடித்தான். சத்தம் எனக்குக் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவனின் விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. பெண்கள் பந்தியிலிருந்து குமுதா ஓடிவந்தாள்.

நானும் அவனும் மட்டும் மருத்துவமனைக்குப் போனோம். ஒரு கையால் துண்டை அழுத்திக்கொண்டு அவனேதான் வேனை ஓட்டினான். எனக்கு இந்த ஊர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டத் துணிவில்லை. தற்காலிகப் பல் வரிசை இடது பக்கம் இரண்டாக விரிசல் விட்டிருந்தது. அது குத்தி ஈறு கிழிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நான்கு ஸ்க்ரூவும் இருந்த இடத்தில் உறுதியாக இருந்தன என்று தெரியும்வரை எனக்கு முதுகில் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது.

மருத்துவருக்குக் கோபம். "யாருங்க உங்கள எலும்பு கடிக்கச் சொன்னது?"

ஏழுமலை என்னை ஒரு தடவை பார்த்தான். "யாரும் சொல்லல டாக்டர். நாந்தான். வாசன தாங்கல."

அந்த நேரத்திலும் எனக்கு வந்தது நன்றி இல்லை. இப்படிச் சொல்ல இவனால் எப்படி முடிகிறது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பின்னால், மெதுவாக வந்தது.

"வந்ததோட உங்களையும் பாத்துடறேன்" என்று மருத்துவர் என்னை உட்காரவைத்தார். பின்பக்க வலது ஸ்க்ரூவைத் தொட்டார். இன்னொரு தடவை தொட்டார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். "இது ஆடுது சார். உண்மைய சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தன?"

"நாலு. சில நாள் அஞ்சு."

அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் அதை எடுத்துவிட வேண்டும், எலும்பு நிரம்ப நான்கு மாதமாவது விட்டு வேறு ஒன்று வைக்கலாம், மற்ற மூன்றையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டில் கார் ஏற்றிப்போகும் நீள லாரிகள் வளைய முடியாமல் நின்றன. வேன் இருபது நிமிடம் நகரவில்லை. ஏழுமலை என்ஜினை அணைத்தான்.

"அந்த வரவேற்புல கீற பொண்ண கேட்டேன். நேத்து உன் நம்பருக்கு யாரும் போன் பண்ணலன்னுச்சி."

நான் எதிரில் நின்ற லாரியின் நம்பரைப் படித்தேன்.

"இன்னாத்துக்கு சொன்ன?"

"பொறாமை" என்றேன். வேறு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை.

"நாலு வாயாவா கேட்டேன் ஆண்டவன்கிட்ட? கீறது ஒரு வாய். அது நல்லாயிட்டா உனக்கு எங்க எரிது?" ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். "உள்ள டாக்டராண்ட சொல்லல, ஏன்னா நீ எங்க மாமனாரு வூட்டு மூத்த மாப்ள. வெளியில வுட்டுக் குடுக்க மாட்டேன். அதுக்குன்னு மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத."

லாரி நகர்ந்தது. அவன் வண்டியை எடுத்தான். அதன் பிறகு அவன் பேசிய முதல் வாக்கியம், வாசலில்: "பாத்து எறங்குங்க."

எறங்குங்க. முப்பது வருடத்தில் முதல் 'ங்க'.

அன்று மாலை ராணியையும் குமுதாவையும் உட்காரவைத்து நானே சொன்னேன். சிகரெட்டையும் சொன்னேன், இல்லாத அந்தப் போனையும் சொன்னேன். குமுதா எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து என் கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ராணி மட்டும் சொன்னாள்: "அவர பாருங்கன்னு நான் சொன்னது, பாத்துக் கத்துக்கத்தாங்க. தள்ளிவிடறதுக்கு இல்ல."

ஸ்க்ரூவை எடுத்த பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஐஸ், இரண்டு தலையணை, உப்புத் தண்ணீர். இந்த முறை எதையும் இரட்டிப்பாகச் செய்யவில்லை. சிகரெட்டை விட்டேன், மூன்றாம் நாள் தூக்கம் வரவில்லை, ஐந்தாம் நாள் ராணியிடம் காரணமில்லாமல் கத்தினேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏழுமலை ஷிப்டுக்குப் போகும் முன் ஐஸ் பையை என் பக்கத்தில் வைப்பான். "வெச்சிருக்கேன். எடுத்துக்கங்க." அவ்வளவு ஒழுங்கான மரியாதையை நான் என் அதிகாரிகளிடம்கூடப் பெற்றதில்லை. ஈறு வலியைவிட அது வலித்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்து, "போயிட்டு வாங்க" என்று கும்பிட்டான்.

நான்கு மாதம் கழித்து நான் மட்டும் திரும்பி வந்தேன். அவன் அழைத்துப்போக வந்திருந்தான். வழியில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடந்தது. தண்ணீரைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். "ஆமாங்க" என்றான்.

மறுநாள் மருத்துவமனையில் இரண்டு எக்ஸ்ரேவையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். அவனுடைய நான்கு ஸ்க்ரூவையும் எலும்பு இறுகப் பிடித்திருந்தது. அன்றே நிரந்தரப் பல் வரிசைக்கு அளவெடுத்தார்கள். எனக்கு மூன்று பிடித்திருந்தன. நான்காவதைப் புதிதாக இறக்கிவிட்டு, இன்னும் நான்கு மாதம் பொறுங்கள் என்றார்கள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அந்தப் பலகையைப் பார்த்ததும் பழைய இடத்தில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இந்த முறை அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. பேசாமல் இருக்கவும் தெரிந்திருந்தது.

வாயில் பஞ்சோடு வெளியே வந்து உட்கார்ந்தேன். ஏழுமலை பெஞ்சின் மறுகோடியில் இருந்தான். எதிரில் ஒரு பெண்மணி, தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர், மறுநாள் அவருக்கு இதே அறுவை. பயத்தில் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். வரவேற்புப் பெண் அவரிடம், "இவங்க ரெண்டு பேரும் பண்ணிக்கினவங்கதான்மா, கேளுங்க" என்று எங்களைக் காட்டினாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கூட்டத்தில் மூத்தவன் நான்தான்.

பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்: "அவரக் கேளுங்கம்மா. அவருக்குச் சர்க்கரை இருந்தும் டாக்டரே கூப்பிட்டு மத்தவங்களுக்குக் காட்டுற மாதிரி ஆறுச்சு. என்ன செய்யணும்னு அவர் சொல்வார். என்ன செய்யக் கூடாதுன்னா எங்கிட்ட கேளுங்க. எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். ஏழுமலை சிரிக்கவில்லை. பிறகு பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு, உள்ளங்கையால் அதைத் தட்டினான்.

"கிட்ட வந்து குந்து சகல. பஞ்சு வெச்சிக்கினு கத்தாத. மொதல்ல நீ சொல்லு, பின்னால நான் சொல்றேன்."